1,452 பேர் வீசியெறிந்த துப்பாக்கி

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவுக்குச் சென்றிருந்தபோது, ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் என்னை ஒட்டாவாவிலுள்ள கனடியப் போர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றான். "மாமா, நீங்கள் இவ்வளவு காலமும் அங்கத்தைச் சண்டையைப் பற்றித்தானே எழுதினீங்கள். எங்கட நாட்டுச் சண்டையையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்றான். 'எங்கட நாடு' என்று அவன் குறிப்பிட்டது கனடாவை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை வேறெப்படிச் சொல்லும்?

முதலாம் உலகப் போருக்கான பகுதியில், கண்ணாடிக்குப் பின்னே இரண்டு துப்பாக்கிகளைப் பார்த்தோம். ஒன்று நீண்டு மெலிந்து, வளைவுகள் ஒழுங்காக, பார்ப்பதற்கு அழகாக இருந்தது. மற்றையது கட்டையானது, குழலின் நுனிவரை மரம் மூடிய, மூக்குச் சப்பையான உருவம். "மாமா, சண்டைக்குப் போறதெண்டால் எதை எடுப்பீங்கள்?" என்று மருமகன் கேட்டான். நான் சிறிதும் யோசியாமல் நீண்ட துப்பாக்கியைக் காட்டினேன். அவனும் அதைத்தான் எடுத்திருப்பானாம்.

நாங்கள் தெரிவுசெய்தது றொஸ் துப்பாக்கி. மற்றையது பிரித்தானியப் படைகளின் லீ என்பீல்ட். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பெல்ஜியத்தின் சேற்று வயல்களில் உயிர் தப்பி நின்ற கனடியப் படையினர் எங்கள் தெரிவுக்கு நேர்மாறாக முடிவெடுத்தார்கள். தம் அரசு கொடுத்த றொஸ் துப்பாக்கியை வீசிவிட்டு, இறந்துகிடந்த பிரித்தானியரின் கைகளிலிருந்து லீ என்பீல்டை எடுத்துக்கொண்டார்கள். தப்பிய காலாட்படையினர் சுமார் 5,000 பேரில் 1,452 பேர் அவ்வாறு செய்தனர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஒரு நாடு பெருமையோடு வாங்கிய பொருளுக்கு அதைப் பாவித்தவர்கள் வழங்கிய தீர்ப்பு அது.

துப்பாக்கி வாங்கி ஏமாந்தவர்களின் கதைகள் உலகெங்கும் உண்டு. வேட்டைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் அடித்த மிருகங்களைப் பற்றிப் பேசுவதைப்போலவே, காசைக் கொட்டி வாங்கி மனம் கசந்த துப்பாக்கிகளைப் பற்றியும் பேசுவார்கள். ஆனால் ஒரு நாடே ஏமாந்த கதையில் றொஸ் துப்பாக்கிக்குத் தனியிடம் உண்டு. அந்தக் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியப்பாவின் துவக்கு

அதற்கு முன்னர் ஒரு சிறு நினைவு. என் பெரியப்பா ஒருவர் வன்னியில் வயல் செய்தவர். பன்றிகளிடமிருந்து நெல்லைக் காப்பதற்காக, அனுமதிப்பத்திரம் பெற்று, ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றை வைத்திருந்தார். அக்காலத் தோட்டாக்களின் கோது காகித மட்டையால் ஆனது. மாரி காலத்து ஈரத்தில் அந்த மட்டை சற்றே பருத்துவிடும். மற்ற வயற்காரர்களின் துவக்குகள் அந்தப் பருமனைப் பொறுத்துக்கொள்ளும். பெரியப்பாவினுடையது பொறுக்காது. முதல் வெடி தீர்ந்ததும் வெற்றுக் கோது உள்ளேயே இறுகிவிடும். அதைக் குழலின் வாய் வழியே இடித்து வெளியே தள்ளுவதற்கென்று மெல்லிய தடியொன்றைக் காவற்கொட்டிலில் செருகி வைத்திருந்தார். அவர் தடியைத் தேடி எடுத்து வருவதற்குள் பன்றிகள் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

பாடசாலை விடுமுறைக்குப் போயிருந்த நான், "வாங்கும்போது பார்க்கவில்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "கடைக்காரன்ரை மேசையிலை எல்லாத் துவக்கும் நல்ல துவக்குத்தான் தம்பி. மாரி வந்தாத்தான் அதின்ரை குணம் தெரியும்."

றொஸ் துப்பாக்கியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, பெரியப்பாவின் அந்த வார்த்தைகளே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன. அவர் வாங்கிய பொருளின் கேடு அவரையே சேர்ந்தது. கனடாவின் கதையில் வாங்கியவர்கள் வேறு, அனுபவித்தவர்கள் வேறு.

ஒரு நாடு துப்பாக்கி வாங்குகிறது

1899ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் ஆரம்பமாகியது. பிரித்தானிய சாம்ராச்சியத்துக்காகக் கனடாவும் படை அனுப்பியது. அப்போது கனடா தன் படைக்கு மேலதிக லீ என்பீல்ட் துப்பாக்கிகளைக் கேட்டது. தன் சொந்தத் தேவையையே நிறைவுசெய்யத் திணறிய பிரித்தானியாவினால் அவற்றை வழங்க முடியவில்லை. கனடாவில் ஒரு தொழிற்சாலையை அமைக்குமாறு பிரித்தானிய உற்பத்தியாளரைக் கேட்டபோதும் இணக்கம் கிடைக்கவில்லை. நெருக்கடி வேளையில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது ஆபத்து என்ற முடிவுக்கு, பிரதமர் வில்பிரட் லோறியரின் அரசு வந்தது. அந்த முடிவில் தவறு காண முடியாது. கெட்ட கொள்வனவுகள் பலவும் நியாயமான தேவையொன்றிலிருந்தே பிறக்கின்றன.

அந்த வேளையில் வந்து சேர்ந்தவர்தான் சேர் சார்ள்ஸ் றொஸ். 1872இல் பிறந்த ஸ்கொட்லாந்துப் பிரபு. பரந்த நிலங்களுக்கு உரிமையாளர். ஈற்றன் கல்லூரியில் படித்தவர். இருபத்தோராவது வயதளவில், 1893இலேயே, தன் முதலாவது துப்பாக்கி வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றவர். திறமைசாலி என்பதில் ஐயமில்லை. கனடாவிலேயே, தன் சொந்த முதலீட்டில் தொழிற்சாலை அமைத்துத் துப்பாக்கி செய்து தருவதாக அவர் முன்வந்தார். அரசுக்கு வேறென்ன வேண்டும்?

1901ஆம் ஆண்டில் குழுவொன்று றொஸ் துப்பாக்கியையும் லீ என்பீல்டையும் பரிசோதித்தது. றொஸ் துப்பாக்கியில் சில சிக்கல்கள் தென்பட்டன. எனினும் அவை திருத்தப்படக்கூடியவை என்று கருதிய குழு, அதை ஏற்குமாறு பரிந்துரைத்தது. பேரரசின் படைகள் அனைத்தும் ஒரேவகைத் துப்பாக்கியை வைத்திருப்பதே நல்லது என்று லண்டன் ஆட்சேபித்ததும் பலிக்கவில்லை. 1902இல் லோறியரின் படைத்துறை அமைச்சர் பிரெடரிக் போர்டன் காலத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆரம்பக் கட்டளை 12,000 துப்பாக்கிகள். தொழிற்சாலை கியூபெக் நகரில் எழுந்தது. பிரதமர் லோறியரின் தேர்தல் தொகுதியும் அதே நகரில்தான் இருந்தது.

பரிசோதனைக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் சாம் ஹியூஸ். எதிர்க்கட்சியான பழைமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவரும் என் தொழிலைச் சேர்ந்தவரே. 1885ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் லின்ட்சே என்ற ஊரில் பத்திரிகையொன்றை விலைக்கு வாங்கி, பல ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தவர். றொஸ் துப்பாக்கியின் மேல் அவர் வைத்த பற்று, கட்சி எல்லைகளையெல்லாம் கடந்தது.

முதல் முறைப்பாடு

துப்பாக்கிகள் கையளிக்கப்படுவதில் தாமதம் ஏற்பட்டது. முதல் 1,000 துப்பாக்கிகள் வடமேற்கின் குதிரைப் பொலிஸாருக்குப் போயின. அவர்கள் பரிசீலித்துப் பார்த்துக் கண்டறிந்த குறைபாடுகள் 113. துப்பாக்கியின் பின்புறத்தை அடைத்து நிற்கும் தாழ் சிலவேளைகளில் கழன்று விழுந்தது. உள்ளிருக்கும் சுருள்வில்கள் போதிய உறுதியின்றி இருந்தன. 1906இல் பொலிஸார் றொஸ் துப்பாக்கியைக் கைவிட்டு, தம் பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகளுக்கே திரும்பிவிட்டனர்.

பெரும்போருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, இந்தத் துப்பாக்கியைத் தினமும் சுமந்து திரிந்தவர்கள் தம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிட்டார்கள் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒவ்வொரு திருத்தம் செய்யப்பட்டது. திருத்தத்தின்மேல் திருத்தமாக எத்தனையோ உபவகைகள் வெளிவந்தன. ஒரு வகையின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தாத நிலையும் ஏற்பட்டது. ஆனால் 'இதை வாங்கத்தான் வேண்டுமா?' என்ற கேள்வி மட்டும் அரசின் மேசைக்கு வரவேயில்லை. அதற்குள் தொழிற்சாலை நின்றது, தொழிலாளர்கள் இருந்தார்கள், கனடாவின் சொந்தத் துப்பாக்கி என்ற பெருமையும் சேர்ந்துவிட்டது.

பரிசு பெற்ற துப்பாக்கி

அந்தப் பெருமைக்கு ஆதாரமும் இருந்தது. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் துப்பாக்கிச் சூட்டுப் போட்டிகள் பேரரசு முழுவதும் புகழ்பெற்றவை. அங்கே வழங்கப்படும் அரசர் பரிசை 1911இலும் 1913இலும் கனடியர்களே வென்றனர். றொஸ் துப்பாக்கியின் நீண்ட குழலும் துல்லியமும் எல்லோரையும் வியக்கவைத்தன. ஆனால் போட்டி மைதானத்தில் சேறு கிடையாது. தெரிந்தெடுத்த ரவைகள் இருக்கும். ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் இடையில் மூச்சு விட்டுக்கொள்ள அவகாசம் இருக்கும். துப்பாக்கி இறுகினால் புள்ளிதான் போகும்.

தனிப்பட்ட வேட்டைக்காரர்களுக்காகவும் சேர் சார்ள்ஸ் ஒரு துப்பாக்கி செய்தார். 1907இல் அறிமுகமான .280 றொஸ் என்ற ரவை செக்கனுக்கு ஏறத்தாழ 3,000 அடி வேகத்தில் பாய்ந்தது. அன்றைய நாளில் அது மலைக்கவைக்கும் வேகம். மான் வேட்டைக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். வசதி படைத்தவர்கள் அதை ஆபிரிக்காவுக்கும் கொண்டு போனார்கள். அவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் கிரே. பிரித்தானிய வெளிவிவகார அமைச்சராக இருந்த சேர் எட்வேட் கிரேயின் சகோதரர். 1911ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் கென்யாவின் சமவெளியில் அவர்மேல் சிங்கமொன்று பாய்ந்து வந்தது. அவர் சுட்டார். ரவைகள் பட்டன. ஆனால் இலேசான, அதிவேக ரவை சிங்கத்தின் உடலை ஆழமாகத் துளைக்காமல் மேற்பரப்பிலேயே சிதறிவிட்டது. சிங்கம் நிற்கவில்லை. படுகாயமுற்ற கிரே சில நாட்களில் நைரோபியில் உயிரிழந்தார்.

மானுக்கென்று செய்ததைச் சிங்கத்துக்கு எடுத்துச் சென்றமைக்குத் துப்பாக்கியை மட்டும் குறைசொல்ல முடியாது. எனினும் இதிலே ஓர் எச்சரிக்கை இருந்தது. ஒரு துப்பாக்கி எந்த வேலையில் பரிசு பெற்றதோ அந்த வேலைக்கு மட்டுமே அந்தப் பரிசு சாட்சி. அதே 1911இல் கனடாவில் ஆட்சி மாறியது. றொபேட் போர்டன் பிரதமரானார். அவரது அரசில் படைத்துறை அமைச்சராக அமர்ந்தவர் சாம் ஹியூஸ்.

ஈப்பர்

1914 ஓகஸ்டில் போர் வெடித்தது. கனடாவின் முதலாவது படைப்பிரிவு றொஸ் மூன்றாம் வகைத் துப்பாக்கியோடு கப்பலேறியது. சுமார் 50 அங்குல நீளம். லீ என்பீல்டின் நீளமோ 44 அங்குலத்துக்குச் சற்று அதிகம். குறுகலான பதுங்ககழிக்குள் அந்த ஆறு அங்குலமும் ஒரு சுமை. லீ என்பீல்டில் பத்து ரவைகள் இடலாம், றொஸ்ஸில் ஐந்துதான்.

இரண்டுக்குமிடையே இருந்த பெரிய வேறுபாடு தாழில் இருந்தது. லீ என்பீல்டின் தாழை முதலில் மேலே தூக்கித் திருப்பி, அதன் பின்னரே இழுக்க வேண்டும். றொஸ்ஸின் தாழை நேராகப் பின்னே இழுத்தால் போதும். ஓர் அசைவு மிச்சம், ஆகவே வேகம் அதிகம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் தூக்கித் திருப்பும் அந்த அசைவு வீணானதல்ல. சூட்டினால் விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்ட வெற்றுக் கோதை நெம்பிக் கழற்றுவது அதுதான். மூடிக் கிடக்கும் போத்தல் மூடியைத் திருகித் திறப்பதற்கும் நேராகப் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். றொஸ்ஸில் கோது இறுகிவிட்டால், படைவீரனின் கைப்பலத்தைத் தவிர உதவிக்கு வேறொன்றும் இல்லை.

துல்லியத்துக்காக றொஸ்ஸின் ரவை அமரும் அறை மிக இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தது. கனடாவில் அளவு பிசகாமல் செய்த ரவைகள் அதில் ஒழுங்காக அமர்ந்தன. போர்க்களத்தில் கிடைத்தவையோ பிரித்தானியத் தொழிற்சாலைகள் அவசர அவசரமாக இலட்சக்கணக்கில் செய்து குவித்த ரவைகள். அவற்றில் சில இம்மியளவு பருமனாக இருந்தன. லீ என்பீல்ட் அதைப் பொறுத்துக்கொண்டது. றொஸ் பொறுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் துவக்கும் இவ்வாறே இருந்தது.

1915 ஏப்ரல் 22ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு வடக்கே, ஜேர்மனியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். பச்சை மஞ்சள் மேகம் பிரெஞ்சுப் படையின் நிலைகளை மூடியது. அவர்கள் அணி குலைந்து ஓட, முன்னரங்கில் பெரும் இடைவெளி விழுந்தது. பக்கத்தில் நின்ற கனடியர்கள் அந்த இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது. 24ஆம் திகதி அதிகாலை வாயு நேராக அவர்கள்மீதே ஏவப்பட்டது. முகமூடி கிடையாது. நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, எரியும் கண்களோடு, வாயுவின் பின்னால் வந்த ஜேர்மன் அணிகளைச் சுட்டார்கள்.

அந்த நேரத்திலேயே துப்பாக்கிகள் இறுகத் தொடங்கின. சில வேட்டுகளுக்குப் பிறகு குழல் சூடேறியது, கோது ஒட்டிக்கொண்டது, தாழ் அசைய மறுத்தது. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, சப்பாத்துக் காலால் தாழை உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அப்படி உதைத்ததால் இன்னொரு கேடு விளைந்தது. தாழ் பின்னே வந்து மோதி நிற்கும் இடம் மிகச் சிறியது. ஒவ்வொரு உதையிலும் தாழின் பூட்டுப் பல்லின் விளிம்பு நசிந்தது. நசிந்த பல் திரும்பவும் பூட்டிக்கொள்ளச் சிரமப்பட்டது. ஆக, ஒருமுறை இறுகிய துப்பாக்கி அடுத்தமுறை இன்னும் மோசமாக இறுகியது. துப்பாக்கி முனையில் பூட்டிய கத்தியோ, சுடும் அதிர்வில் சிலவேளை கழன்று விழுந்தது.

48 மணி நேரத்தில் கனடியர்களுக்கு ஏற்பட்ட இழப்பு 6,000 பேருக்கு மேல். அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கெல்லாம் துப்பாக்கியே காரணம் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். வாயுவும் பீரங்கியும் கொன்றவர்களே பெரும்பாலானோர். ஆனால் எதிரி ஓடி வரும்போது, கையிலிருக்கும் துப்பாக்கியைக் காலால் உதைத்துக்கொண்டிருந்த இளைஞனின் நிலையை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது. எண்கள் சொல்லக்கூடியது ஒன்றே: சுமார் 5,000 பேரில் 1,452 பேர் தம் துப்பாக்கியை வீசிவிட்டார்கள். படைக்கலத்தை வீசுவது இராணுவச் சட்டத்தில் குற்றம். தெரிந்தேதான் அவ்வாறு செய்தார்கள்.

கடிதமும் பதிலும்

1915 ஜூனில் பிரித்தானியப் படைகளின் தளபதி சேர் ஜோன் பிரெஞ்ச், முதலாவது கனடியப் படைப்பிரிவுக்கு லீ என்பீல்டை வழங்குமாறு உத்தரவிட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பின்னர் வந்த கனடியப் படைப்பிரிவுகள் றொஸ் துப்பாக்கியுடனேயே களத்துக்கு அனுப்பப்பட்டன. ரவை அறையைச் சற்று அகலமாக்கி, தாழ் மோதும் இடத்தையும் பெரிதாக்கித் திருத்தம் செய்திருந்தார்கள். நிலைமை சற்றுச் சீரடைந்தது. ஆனால் படைவீரர்களின் மனதிலிருந்து போய்விட்ட நம்பிக்கை திரும்பவில்லை.

கனடியப் படைகளின் தளபதியாக இருந்த பிரித்தானிய அதிகாரி எட்வின் அல்டர்சன், 1916இன் ஆரம்பத்தில், றொஸ் துப்பாக்கியின் குறைகளை விளக்கி ஒட்டாவாவின் படைத் தலைமைக்குக் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் அமைச்சர் ஹியூஸ். பிழை துப்பாக்கியில் இல்லை, பிரித்தானிய ரவைகளில் உள்ளது என்பதே அவர் வாதம். தளபதிக்குத் துப்பாக்கி பற்றிய அறிவே இல்லை என்று ஏளனம் செய்து, அந்தக் கடிதத்தின் பிரதிகளைத் தளபதிக்குக் கீழே பணிபுரிந்த அதிகாரிகள் பலருக்கும் அனுப்பிவைத்தார். தன் படையின் முன்னால் சிறுமைப்படுத்தப்பட்ட ஒரு தளபதி எவ்வளவு காலம் நிலைக்க முடியும்? 1916 மே மாதம் அல்டர்சன் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், துப்பாக்கியைக் குறைசொன்னவர் துப்பாக்கிக்கு முன்னரே களத்தை விட்டு நீங்கினார்.

ஹியூஸின் வாதத்தில் பாதி உண்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரவைகளில் பிழை இருந்தது மெய்தான். ஆனால் போர்க்களத்தில் எப்படிப்பட்ட ரவை கிடைக்கும் என்பதைத் துப்பாக்கி தீர்மானிக்க முடியாது. கிடைத்த ரவையைச் சுடுவதே துப்பாக்கியின் வேலை. இறந்தவர்களுடைய லீ என்பீல்டுகள் அதே ரவைகளைத்தான் சுட்டுக்கொண்டிருந்தன.

இதே அமைச்சரின் காலத்தில் நடந்த இன்னொரு கொள்வனவையும் இங்கே குறிப்பிடலாம். மண் தோண்டவும், தரையில் ஊன்றி ரவையைத் தடுக்கவும் ஒருசேரப் பயன்படும் என்று கூறி, நடுவில் துளையுள்ள மண்வெட்டிகள் 25,000 வாங்கப்பட்டன. துளை, அதனூடே துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்காம். காப்புரிமை அமைச்சரின் செயலாளர் பெயரில் இருந்தது. விலை ஒன்று 1.35 டொலர். அது ரவையையும் தடுக்கவில்லை. துளை இருந்தபடியால் மண்ணையும் அள்ளவில்லை. ஈற்றில் எல்லாவற்றையும் பழைய இரும்பாக விற்றதில் கிடைத்தது 1,400 டொலர்.

1916ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், புதிய தளபதி சேர் டக்ளஸ் ஹெய்க்கின் வற்புறுத்தலின்பேரில், எஞ்சிய கனடியப் படைப்பிரிவுகளுக்கும் லீ என்பீல்ட் வழங்கப்பட்டது. நவம்பரில் பிரதமர் போர்டன் ஹியூஸைப் பதவி விலகச் செய்தார். அமைச்சரவையைப் பொருட்படுத்தாத அவரது போக்கே அதற்கு நேரடிக் காரணம். 1917இல் தொழிற்சாலையை அரசு சுவீகரித்தது. சேர் சார்ள்ஸுக்கு வழங்கப்பட்ட நட்டஈடு 20 இலட்சம் டொலர். அதுவரை செய்யப்பட்ட படைத்துறைத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 4,20,000.

மீண்டும் ஒரு முறை

கனடா பெற்ற பாடத்தை மற்றவர்கள் கற்றுக்கொண்டார்களா? அரை நூற்றாண்டுக்குப் பின்னர் வியட்நாமில் அமெரிக்கப் படைக்கு எம்-16 துப்பாக்கி வழங்கப்பட்டது. பரிசோதனைகளில் நன்றாகச் சுட்ட துப்பாக்கிதான். ஆனால் களத்துக்கு வந்தபோது ரவைக்குள் இடப்பட்ட வெடிமருந்து மாற்றப்பட்டிருந்தது. போதிய துப்புரவுச் சாதனங்கள் வழங்கப்படவில்லை. அதிகம் துடைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. ஈரமும் புழுதியும் நிறைந்த காட்டில் வெற்றுக் கோதுகள் உள்ளே இறுகின. இளைஞர்கள் துடைப்புக் கோலைக் குழல் வழியே செலுத்திக் கோதை இடித்து வெளியே தள்ளினார்கள்.

அங்கேயும் அதிகாரபூர்வமான பதில், பிழை படைவீரர்களுடையது என்பதாகவே இருந்தது. அவர்கள் துப்பாக்கியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லையாம். நிலைமையை மாற்றியவை வீட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள். பெற்றோர் அவற்றைத் தம் நாடாளுமன்றப் பிரதிநிதிகளிடம் கொண்டு சென்றார்கள். சில பத்திரிகைகளிலும் வெளிவந்தன. 1967இல் காங்கிரஸின் உபகுழு விசாரணை நடத்தி, படைத்துறையின் நடத்தை குற்றத்துக்கு ஒப்பான கவனயீனத்தை நெருங்கியது என்று அறிக்கையிட்டது. துப்பாக்கி திருத்தப்பட்டது; அதன் வழிவந்த துப்பாக்கிகள் பின்னர் பல பத்தாண்டுகள் நன்றாகவே உழைத்தன. ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். வியட்நாமில் கடிதங்கள் வெளியே வந்தன. முதலாம் உலகப் போரிலோ தணிக்கை பலமாக இருந்தது. பேச முடியாதவர்கள் துப்பாக்கியை வீசிக் காட்டினார்கள்.

மீதிக் கதை

றொஸ் துப்பாக்கியின் வரலாற்றில் இன்னுமொரு பக்கம் உண்டு. படைவீரர்கள் அதை வெறுத்த அதே காலத்தில், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் சினைப்பர்கள் சிலர் அதைக் கைவிட மறுத்தார்கள். ஒன்ராறியோவின் பரி தீவைச் சேர்ந்த ஓஜிப்வே பழங்குடியினரான பிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் புகழ்பெற்றவர். 378 பேரைச் சுட்டு வீழ்த்தியவர் என்று அவர் பெயரில் பதிவாகியுள்ளது. வீரத்துக்கான இராணுவப் பதக்கத்தை மூன்று தடவை பெற்றவர். அவர் கையில் இருந்தது றொஸ் துப்பாக்கியே. சினைப்பர் சேற்றில் ஓடுவதில்லை, ரவையைத் தெரிந்தெடுக்கிறார், ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் காத்திருக்கிறார். அதாவது, பிஸ்லி மைதானத்தின் நிலைமையை அவர் களத்திலே உண்டாக்கிக்கொள்கிறார்.

எனவே றொஸ் துப்பாக்கியைக் கெட்ட துப்பாக்கி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. வேட்டைக்காரனுக்கும் போட்டியாளனுக்கும் ஏற்ற ஒன்றை, அதற்கேயுரிய நிபந்தனைகளில் வென்றதைக் காட்டி, பதுங்ககழியில் நிற்கப்போகும் பல்லாயிரம் இளைஞர்களுக்காக வாங்கினார்கள். வாங்கியவர்கள் சேற்றில் நிற்கவில்லை. 1906இல் பொலிஸார் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கலாம். 1915இல் 1,452 பேர் சொன்னதையாவது உடனே கேட்டிருக்கலாம். அதற்குப் பின்னரும் ஓராண்டுக்கு மேல், வேறு பல்லாயிரம் பேர் அதே துப்பாக்கியுடன் முன்னரங்குக்கு அனுப்பப்பட்டார்கள். எனக்கு மிகவும் உறுத்துவது அந்த ஓராண்டுதான். முதல் தவறு அறியாமையால் நேர்ந்தது என்று சொல்லலாம். அந்த ஓராண்டுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அமைச்சராக இருந்தவர் ஒரு காலத்தில் பத்திரிகை ஆசிரியர். சாதாரண மனிதனின் முறைப்பாட்டைக் கேட்பதே பத்திரிகைத் தொழிலின் அடிப்படை என்று நாங்கள் படித்தோம். அதிகாரத்துக்குப் போனதும் அந்தக் காது எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தபோது, நான் பெரியப்பாவின் துவக்கைப் பற்றி மருமகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அவர் ஏன் மாமா அதை விற்கேல்லை?" என்று கேட்டான். விற்க நினைத்ததுண்டு. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வாங்குவதற்கும் வந்தார். பெரியப்பா துவக்கையும், கோதை இடித்துத் தள்ளும் அந்தத் தடியையும் ஒன்றாக மேசையில் வைத்து, "இரண்டையும் சேர்த்துத்தான் விலை" என்றாராம். வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கியூபெக் தொழிற்சாலையின் மேசையில் அந்தத் தடியை யாரும் வைத்துக் காட்டவில்லை.